ஏற்றத்தில் முகம், இறக்கத்தில் முதுகு: ஒரு சின்னக் கெமராவோடு எட்டு மாதம்

ஹப்புத்தளைப் பக்கத்து மலை உச்சியான லிப்டன் சீட்டுக்குச் சைக்கிளில் ஏறி இறங்கிய அன்று எடுத்த முதல் வீடியோவில் எங்கள் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. ஹெல்மட் உச்சியில் சின்ன எக்ஷன் கெமராவை மாட்டிக்கொண்டு நானே முன்னால் போனேன். நாற்பது நிமிடமும் ரோடு, தேயிலை, மூட்டம். ஆறு பேர் போன பயணம், பார்த்தால் நான் தனியாகப் போனது போல இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கெமராவை எதற்கு வாங்கினேன் என்பது எனக்கே தெளிவானது. ரோடு எங்கேயும் போகாது, அங்கேயேதான் இருக்கும். எனக்கு வேண்டியது கூட வந்த ஆட்கள்.

பண்டாரவளையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுவது என் வேலை. ஞாயிறு காலையில் நண்பர்கள் சேர்ந்து சைக்கிளில் தோட்டத்து ரோடுகளில் சுற்றுவோம். ஒருவர் கணித ஆசிரியர், ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலை, மற்றவர்கள் கடையிலும் கராஜிலும். நம் பக்கத்தில் இந்த வகைக் கெமரா எதைக் கண்டாலும் கோப்ரோ என்கிறோம். 2004இல் ஃபிலிம் போடும் 35 மில்லிமீட்டர் கெமராவைத் தன் முதல் கெமராவாக விற்ற கம்பனியின் பெயர் இன்று இந்தச் சாமானுக்கே பெயராகிவிட்டது. என்னுடையது வேறு கம்பனியின் பழைய மாடல், இன்னொருவர் பாவித்தது, இரண்டு பெட்டரியோடு 48,000 ரூபாய். எட்டு மாதத்தில் இருபது தடவைக்கு மேல் கொண்டுபோயிருக்கிறேன். நான் இங்கே சொல்வதில் பெரும்பகுதி எந்த எக்ஷன் கெமராவுக்கும் பொருந்தும்.

கெமராவைவிட முக்கியம் அதை எங்கே மாட்டுகிறோம் என்பது. ஹெல்மட்டில் மாட்டினால் தலை திரும்பும் பக்கமெல்லாம் படமும் திரும்பும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அதைவிடப் பெரிய குறை, இந்த அகன்ற லென்ஸ் சரிவை எல்லாம் தட்டையாக்கிவிடும். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உயிரைக் கையில் வைத்து இறங்கிய குறுக்குப் பாதை, வீடியோவில் கடைத்தெரு மாதிரித் தெரியும். ஹேண்டலில் மாட்டிப் பார்த்தேன். தார் ரோட்டில் சரி. கல் பாவிய தோட்டத்து ரோட்டில் படம் முழுக்க நடுங்குகிறது, ஆட்டத்தைக் குறைக்கும் எந்த ஸ்டெபிலைசராலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

அப்புறம் 3,500 ரூபாய்க்கு ஒரு நெஞ்சுப் பட்டி வாங்கினேன். எட்டு மாதத்தில் நான் செலவழித்த காசில் மிகப் பயனுள்ள காசு அதுதான். உடம்பே அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. படத்தின் கீழே இரண்டு கையும் ஹேண்டலும் தெரிவதால் வேகமும் சரிவும் பார்ப்பவருக்கு விளங்குகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டில் நிமிர்ந்து நின்று கோணம் பார்க்காதீர்கள். சைக்கிளில் ஏறி, இறக்கத்தில் குனிவது போலக் குனிந்து பார்த்து, நீங்கள் நினைப்பதைவிட இன்னும் கொஞ்சம் மேலே திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் முன்சில்லு மட்டும்தான் பதிவாகும்.

ஆனால் ஏற்றத்துக்கு நெஞ்சுப் பட்டி சரிவராது. மிதிக்கும்போது நெஞ்சு சாய்ந்துவிடும், கெமரா தரையைப் பார்க்கும். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன ஸ்டோர் வரைக்கும் பத்துக் கிலோமீட்டர், 1890இல் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அது. அங்கிருந்து லிப்டன் சீட்டுக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர், முழுக்க வளைவும் ஏற்றமும். இரண்டாவது தடவை அங்கே போனபோது கெமராவை என் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில், பின்பக்கம் பார்க்கும்படி மாட்டினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எல்லார் முகமும் இருந்தது. ஆசிரியர் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார். கராஜ் தம்பி ஒவ்வொரு வளைவிலும் பின்னால் திரும்பி அண்ணன் வருகிறாரா என்று பார்க்கிறான். அவன் அப்படிப் பார்ப்பது இத்தனை நாள் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எல்லாரும் அவனுக்கு முன்னாலோ பின்னாலோதான் இருந்தோம். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டது. ஏற்றத்தில் முதல் ஆளின் சீட்டுக்குக் கீழே கெமரா, முகங்களுக்காக. இறக்கத்தில் கடைசி ஆளின் நெஞ்சில், முதுகுகளுக்காக. மேலே தேத்தண்ணி குடிக்க நிற்கும்போது கைமாற்றிக்கொள்கிறோம்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். எங்களோடு சைக்கிள் ஓடிய ஒருவர் இப்போது கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வர முடியும். முதலில் அவருக்கு அனுப்பியதில் நான் ஸ்டூடியோ பழக்கத்தில் ஒரு பாட்டைப் போட்டிருந்தேன். பார்த்துவிட்டு போன் எடுத்தார்: "மச்சான், பாட்டு வேணாம்டா. நீங்க பேசுறது கேட்டா போதும்." அதற்குப் பிறகு மைக்கை வைத்துத்தான் கெமராவை எடை போடுகிறேன். செயின் கல்லில் அடிக்கும் சத்தம், "கான் இருக்கு, பாத்து" என்று முன்னால் இருப்பவர் வடிகாலைக் காட்டிக் கத்துவது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து நாய்கள் துரத்துவது, மேலே ஏறி நின்றதும் ஒருவரும் பேசாமல் மூச்சு வாங்குவது, எல்லாம் கேட்க வேண்டும்.

இதில் என் கெமரா பாதி மார்க்தான் வாங்குகிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஹப்புத்தளை மலைமுகட்டில் அடிக்கிற காற்றில் எந்தக் குரலும் நிற்பதில்லை. காற்றுச் சத்தத்தைக் குறைக்கும் செட்டிங் இருக்கிறது. போட்டால் இரைச்சல் குறையும், கூடவே குரலும் தகரத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். மைக் துளை மேல் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு ஒட்டியது அதைவிட நன்றாக வேலை செய்தது. நெஞ்சில் மாட்டினால் ஹெல்மட்டைவிடக் காற்றும் குறைவு. மழை பெய்தால் துளையில் தண்ணீர் நின்று சத்தம் அமுங்கும். கழற்றி நன்றாக உதறிவிட்டுத் தொடருங்கள்.

மூட்டம் இன்னொரு பாடம். காலை ஆறரைக்கு லிப்டன் சீட்டில் வெயில் இருந்தாலும் ஒன்பது, பத்து மணிக்குள் பெரும்பாலும் மூடிவிடும். கெமராவைத் தானியங்கியில் விட்டால் தேயிலைக்குள் ஒரு நிறம், மூட்டத்துக்குள் வேறு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கும். நிறத்தைச் சரிசெய்யும் வைட் பெலன்ஸை 5500இல் பூட்டிவிடுங்கள், பச்சை பச்சையாக நிற்கும். யூகலிப்டஸ் காட்டுக்குள் வெளிச்சம் குறையும்போது படம் விட்டுவிட்டுக் குழம்புவதைப் பார்ப்பீர்கள். ஷட்டர் மெதுவாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்டெபிலைசர் ஆட்டத்தை நேராக்கினாலும், ஒவ்வொரு பிரேமிலும் ஏற்கெனவே பதிந்த கலங்கலை எடுக்க அதனால் முடியாது. வெளிச்சத்துக்கான உணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ எல்லையைக் கொஞ்சம் உயர்த்தினால் புள்ளி விழும், ஆனாலும் கலங்கலைவிடப் புள்ளி மேல். பெட்டரிக் கதவைப் புழுக்கமான அறையில் திறந்து மூடிவிட்டுக் குளிருக்குள் போனால் லென்ஸுக்கு உள்ளேயே ஈரம் படியும். அதற்குச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பக்கெட்டுகளோடு கெமராவை ஒரு டப்பாவில் இரவு வைத்துவிடுகிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 4கேயில், 60 மெகாபிட் வேகத்தில், ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி போகிறது. வி30 என்று வேகக் குறி போட்ட 128 ஜிபி கார்ட் ஒரு நாளைக்கு என்னிடம் மிஞ்சியே இருக்கிறது. பெட்டரி ஒன்று எழுபது நிமிடம் தாங்குகிறது, காலைக் குளிரில் அதைவிடக் குறைவு. அடுத்த பெட்டரியை பேக்கில் போடாமல் சட்டைக்குள் வைத்திருங்கள். செக்கனுக்கு 25 பிரேமில் எடுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30இல் எடுத்தால் தேத்தண்ணிக் கடையின் டியூப் லைட் வீடியோவில் மினுங்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் ஓடும் ரோடுகளில் பாதி தோட்டத்துக்குச் சொந்தமானவை. கேட்டில் காவல்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். ஞாயிறு என்பதால் மலையில் பெரும்பாலும் கொழுந்து எடுப்பவர்கள் இருப்பதில்லை. இருந்தால் கெமராவை நிறுத்திவிடுகிறோம், லயத்துக்குள் போனாலும் அப்படியே. எங்கள் ஆறு பேரில் நான்கு பேரின் அம்மாமார் கொழுந்து எடுத்தவர்கள். கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி அவர்கள் வீட்டில் வந்து சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நெஞ்சுக் கெமராவில் சிவப்பு விளக்கு எரிவதே பலருக்குத் தெரியாது. அதனால் நிறுத்துவது ஓட்டுபவரின் பொறுப்பு.

கடைசியாக, பட்டியின் கொக்கியை நம்பாதீர்கள், ஒரு கயிற்றால் கெமராவையும் பட்டியையும் சேர்த்துக் கட்டுங்கள். நான் கட்டாத ஒரு நாள், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலை ஒன்றின் ஓரத்தில் குறுக்கில் இறங்கும்போது கொக்கி கழன்று கெமரா எங்கேயோ பாய்ந்தது. அரை மணி நேரம் செடிகளுக்குள் தேடினோம். மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாதான் கண்டெடுத்தார். கெமரா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால் முதலில் வானமும் ஒரு சவுக்கு மரக் கிளையும், தூரத்தில் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும். அப்புறம் தலையில் சாக்குப் போட்ட ஒரு முகம் குனிந்து மிகக் கிட்டத்தில் பார்க்கிறது. "தம்பி, இதுவா பாருங்க, என்னமோ சின்ன டப்பா, வெளக்கு எரியுது." காற்றே இல்லாத நாள், குரல் அவ்வளவு தெளிவு.

அவர் முகம் இருப்பதால் அதை யாருக்கும் அனுப்பவில்லை. அடுத்த ஞாயிறு போனில் ஏற்றிக்கொண்டு அவர் லயத்துக்குப் போய்க் காட்டினோம். தன்னைப் பார்த்துச் சிரித்தார். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, விழுவதற்கு முன் நாங்கள் உச்சியிலிருந்து இறங்கிய பகுதியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு வளைவில் கீழே தகரக் கூரைகள் வரிசையாகத் தெரியும் இடம் வந்ததும், "நிப்பாட்டுங்க தம்பி" என்று சொல்லி, திரையைத் தொடாமல் விரலை மேலே வைத்து, மூன்றாவது கூரையைக் காட்டினார்.