அலுவலகத்துக்கு நாஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் ரூ.86,000 போயிற்று

வயிறு எரிந்து எழுதுகிறேன். எங்கள் மாங்கூழ் ஆலையில் நாஸ், அதாவது எல்லாப் பிரிவுக் கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பொதுவான சேமிப்புக் கருவி, அமைத்துத் தருவதாக கிருஷ்ணகிரி கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் ரூ.86,000 வாங்கினார். இன்று பெங்களூரா மாங்காய் போட்ட விவசாயிகளின் எடைக் கணக்கும் இல்லை, ஏற்றுமதி ஆவணங்களும் இல்லை.

அதுவரை கணக்குப் பிரிவு, ஆய்வகம், குடோன் எல்லாவற்றுக்கும் ஒரு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இருந்த பொது ஃபோல்டர்தான். 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டதால் மாற்றியே தீர வேண்டியிருந்தது. "நாஸ் வைத்துவிடலாம் சார். இரண்டு ஹார்ட் டிஸ்க் போடுகிறேன். ஒன்று போனாலும் இன்னொன்றில் அத்தனையும் அப்படியே இருக்கும்" என்றார். திரையில் 7.2 டெராபைட் என்று விரலால் தொட்டுக் காட்டினார். முதலாளி அங்கேயே காசோலையில் கையெழுத்துப் போட்டார்.

அந்த 7.2-லேயே அவர் சொன்னது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். 4 டெராபைட் டிஸ்க் இரண்டிலும் ஒரே தகவலை வைத்தால் 3.6தான் காட்டும் (கம்ப்யூட்டர் எண்ணும் கணக்கில் 4 டெராபைட் அவ்வளவாகத்தான் தெரியும்). பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர்; அவர் அமைத்தது ரெய்டு 0. அதில் தகவல் துண்டு துண்டாக இரண்டு டிஸ்க்கிலும் பிரிந்து கிடக்கும்; ஒன்று போனால் மொத்தமும் போகும். சீசன் உச்சத்தில் அதுதான் நடந்தது. ஓசூரிலிருந்து வந்த டெக்னீஷியன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டியபோது உடம்பெல்லாம் பதறிவிட்டது.

கடையில் கேட்டால், "பையன் தருமபுரிக்குப் போயிருக்கிறான், வந்ததும் அனுப்புகிறேன்." பையன் வரவே இல்லை. பிறகு, "கரண்ட் ஏற்ற இறக்கத்தில் போயிருக்கும்." கடைசியில், "டிஸ்க்குக்குத்தான் வாரண்டி, உள்ளே இருந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை." ரூ.86,000 வாங்கிய வாய் பேசுகிற பேச்சா இது? இப்போது போனையே எடுப்பதில்லை. கசங்கிய எடைச் சீட்டோடு பாக்கிப் பணத்துக்கு வந்து நிற்கிற விவசாயிகளிடம் அந்தச் சீட்டையே வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக மறுபடி பதிந்துகொண்டிருக்கிறோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தை. ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை வைக்கும் முறை) என்று பில்லில் எழுதி வாங்குங்கள். முழுப் பணம் கொடுக்குமுன், கடைக்காரர் கையாலேயே ஒரு டிஸ்க்கை உருவச் சொல்லி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். ரெய்டு 1 இருந்தாலும் தவறுதலாக அழித்தது திரும்பி வராது. தினமும் தனி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். இதே மாதிரி ஏமாந்தவர்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தால் பில்லோடு தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.