தேடல் முடிவுகள் யார் சொல்படி வரவேண்டும்? கூகுள், டக்டக்கோ, ககி, பிரேவ்: ஓர் அலசல்

போன மாதம் என் போனிலும் அப்பா போனிலும் ஒரே தேடுபொறியில் 'சர்க்கரை' என்று தட்டிப் பார்த்தேன். எனக்கு நாட்டுச் சர்க்கரை விலையும் சர்க்கரைப் பொங்கல் செய்முறையும் வந்தன. அப்பாவுக்கு வந்ததெல்லாம் சர்க்கரை நோய். அதுவரை சரிதான், எட்டு வருடமாக மாத்திரை போடுகிறவருக்குப் பொங்கல் செய்முறை எதற்கு? ஆனால் அவருடைய முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் 'மாத்திரையே வேண்டாம், பதினைந்தே நாளில் சர்க்கரை போயே போச்சு' வகைத் தளங்கள். என்றைக்கோ ஆர்வத்தில் நாலைந்தைத் திறந்து படித்திருக்கிறார். "ஏம்மா, நானா இதையெல்லாம் கேட்டேன்?" என்றார்.

அவர் கேட்கவில்லை, தொட்டார். தொட்டதே விருப்பமாகப் பதிவாகியிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தத் தேடுபொறியைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: 'இந்தத் தளம் இனி வேண்டாம்' என்று அப்பா சொன்னால் அது கேட்குமா?

கூகுளில் ஒரு காலத்தில் கேட்டது. 2008 நவம்பரில் 'சர்ச்விக்கி' என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். லாகின் செய்திருந்தால் ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் மேலே ஏற்ற ஓர் அம்புக்குறி, தூக்கிப்போட ஒரு பெருக்கல் குறி. 2010 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு வெறும் நட்சத்திரக் குறி வைத்தார்கள். 2011-இல் தளங்களைத் தடுக்கும் வசதி ஒன்று வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. இடையில் 2009 டிசம்பரில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லாகின் செய்யாதவர்களுக்கும், குக்கீயில் (உலாவியில் தளம் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு) தெரியும் 180 நாள் தேடல்களை வைத்து முடிவுகளைத் தனிப்பயனாக்கத் தொடங்கினார்கள். நம்மைப் பார்த்து அது முடிவெடுப்பது எல்லாருக்கும் பரவியது. நாம் சொல்லி அது கேட்பது நிலைக்கவில்லை. எனக்கு இதில்தான் ஆதங்கம்.

இன்று கூகுளில் நம் கையில் இருப்பது பெரும்பாலும் அழிக்கும் உரிமை. 'எனது செயல்பாடு' பக்கத்தில் பழைய தேடல்களை ஒவ்வொன்றாகவோ மொத்தமாகவோ நீக்கலாம். 3, 18, 36 மாதங்களில் தானாக அழியும்படி வைக்கலாம். 2020 ஜூனுக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் 18 மாதம் என்பது இயல்பாகவே இருக்கும். பதிவாவதையே நிறுத்தினாலும் நீங்கள் இருக்கும் ஊரும் மொழியும் முடிவுகளைப் பாதிக்கும். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன், 'மருந்துக்கடை' என்று தேடுகிறவருக்குப் பக்கத்துத் தெருக் கடைதானே வேண்டும். 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்த 'விருப்ப மூலங்கள்' வசதியில் பிடித்த செய்தித்தளங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். நல்ல ஆரம்பம், ஆனால் அது முக்கியச் செய்திகள் பகுதியோடு நின்றுவிடுகிறது. அப்பாவின் வைத்தியத் தளங்களைத் தொடாது.

டக்டக்கோவின் வழி நேர் எதிர். 2008-இல் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கியது. தேடல் வரலாற்றை வைத்துக்கொள்வதில்லை, அதனால் பழைய கிளிக்கை வைத்து முடிவை மாற்றவும் வழியில்லை. கணக்கே கிடையாது. அப்பாவின் பழைய ஆர்வம் அங்கே பின்தொடராது. ஒரு முடிவின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் அந்தத் தளத்தைத் தடுக்கவும் செய்யலாம். ஆனால் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியிலிருந்து வருகிறது, வரிசையை அவர்களாகப் பார்த்து வைப்பதுதான். 'எல்லாருக்கும் ஒரே வரிசை' என்று கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த வரிசையும் யாரோ எழுதிய விதிதானே? மோசமான மருத்துவக் குறிப்பு முதலிடத்தில் இருந்தால் எல்லார் வீட்டிலும் முதலிடத்தில் இருக்கும்.

அப்புறம் ககி. என் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இதுதான். ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் உள்ள சின்னக் குறியைத் தொட்டால் ஐந்து நிலை: தடு, தாழ்த்து, இயல்பு, உயர்த்து, உச்சியில் நிறுத்து. ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த தேடலிலும் அப்படியே நிற்கும். சொன்னது எல்லாம் ஒரே பட்டியலாக இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்து 'இதை ஏன் தடுத்தேன்?' என்று யோசித்து மாற்றலாம். பயனர்கள் எந்தத் தளத்தை அதிகம் தடுக்கிறார்கள் என்ற மொத்தக் கணக்கையும் வெளியிடுகிறார்கள், தடுக்கப்பட்டவற்றில் பின்டரெஸ்ட் முன்னணியில் நிற்பதைப் பார்த்து நான் தலையாட்டினேன். விளம்பரம் இல்லை. பதிலுக்குக் காசு: மாதம் 5 டாலருக்கு 300 தேடல், 10 டாலருக்கு அளவில்லாமல். ஓய்வூதியத்தில் இருக்கும் ஒருவரிடம் தேடுவதற்கு மாதாமாதம் டாலரில் கட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொன்றும் உண்டு. விதிகள் கணக்கோடு ஒட்டியவை. கணக்கைக் காட்டாமல் தேட 2025-இல் ஒரு மறைப்பு வசதி கொண்டுவந்தார்கள், ஆனால் யார் என்று தெரியாதபோது யாருடைய விதியைப் போடுவது? உங்களை மறைத்துக்கொண்டால் உங்கள் விதிகளும் கூட வராது. இது அந்த நிறுவனத்தின் தவறு அல்ல, விஷயத்தின் இயல்பே அப்படி.

அந்த முடிச்சைப் பிரேவ் வேறு மாதிரி அவிழ்க்கிறது. 2021-இல் வந்த தேடுபொறி, இணையப் பக்கங்களுக்குச் சொந்த அட்டவணை வைத்திருக்கிறது. 2022-இல் 'காகிள்ஸ்' என்று ஒன்று சேர்த்தார்கள். விதிகளை ஓர் எளிய உரைக்கோப்பாக எழுதி கிட்ஹப் மாதிரி கோப்புகளைப் பகிரும் ஓர் இணையதளத்தில் வைக்கலாம், பிரேவ் அதை எடுத்து வரிசையை மாற்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வரிக்கு ஒரு விதி. ஒரு தளத்தின் பெயர் போட்டு 'பூஸ்ட் 3' என்றால் மேலே வரும், 'டிஸ்கார்ட்' என்றால் காணாமல் போகும். தளத்தின் பெயரே போடாமல் தனி வரியில் 'டிஸ்கார்ட்' என்று மட்டும் எழுதினால், நான் பெயர் சொன்ன தளங்களைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வராது. முதல் தடவை அதைச் சேமித்துவிட்டுத் தேடியபோது மூன்றே மூன்று முடிவு வந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நமக்கு வேண்டியதை மட்டுமே காட்டும் குமிழி எவ்வளவு சின்னதாக முடியும் என்று அப்போது கண்ணால் பார்த்தேன், ஆனால் அது நான் கட்டிய குமிழி, எந்த வரி கட்டியது என்பதும் தெரியும். பிரேவில் கணக்கு வேண்டாம், காசு வேண்டாம். ஒரு மருத்துவர் எழுதிய கோப்பை இன்னொருவர் அப்படியே பயன்படுத்தலாம், பிடிக்காத வரியை மாற்றித் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். யோசனையாக இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. ஆனால் கோப்பு எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? தமிழில் தேடினால் கூகுளில் கிடைக்கும் அளவு பக்கங்கள் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததுமில்லை. அப்பா தேடுவது தமிழில்தான்.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அங்குள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, மிகப் பெரிய தேடுபொறிகள் ஆளை அலசாமல் முடிவு காட்டும் வழி ஒன்றையாவது தரவேண்டும். வரவேற்கிறேன். ஆனால் அது கொடுப்பது அணைக்கும் சுவிட்ச். 'இந்தத் தளம் வேண்டாம், அந்த மருத்துவமனைப் பக்கத்தை முன்னால் காட்டு' என்று சொல்ல அதில் இடமில்லை.

கடைசியில் அப்பாவின் போனில் நான் போட்டது இந்த நாலில் எதுவும் இல்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியில் 'யுபிளாக்லிஸ்ட்' என்ற எக்ஸ்டென்ஷன். கூகுளிலேயே தேடலாம், பட்டியலில் உள்ள தளங்களின் முடிவுகளை மட்டும் அது திரையில் மறைத்துவிடும். எதையும் மேலே ஏற்றாது. பட்டியல் போனிலேயே இருக்கும், விருப்பப்பட்டால் மற்றவர்கள் பராமரிக்கும் பட்டியலையும் இணைத்துக்கொள்ளலாம். கூகுள் கணக்கில் செயல்பாடு பதிவாவதையும் நிறுத்திவைத்தேன்.

முதல் மூன்று தளங்களை நான் சேர்த்தேன். எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பட்டியலில் ஏழு இருந்தன. அதில் ஒன்று நான் தினமும் படிக்கும் சமையல் தளம். "அதில் ஒரே விளம்பரம்மா" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.