நத்தைச் சட்டை: துணி முழுக்க அச்சா, ஒற்றை எம்பிராய்டரியா?

ஆண், பெண் யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளும்படி ஒரு தளர்வான பருத்திச் சட்டை வடிவமைத்தேன். மோட்டிஃப், அதாவது அலங்கார உருவம், நத்தைதான் என்பதில் இரண்டாவது யோசனையே இல்லை. ஓட்டின் சுருளே பாதி அலங்காரம். போதாததற்கு, நிலத்தில் வாழும் நத்தைகளில் பெரும்பாலானவை ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக இருப்பவை. இருபாலர் சட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி கிடைக்காது. யோசிக்க வேண்டியிருந்தது, அதைச் சட்டையில் எப்படி வைப்பது என்பதைத்தான்: சிறு நத்தைகளைத் துணி முழுக்க இறைத்து அச்சடிப்பதா, இடது மார்பில் ஒரே ஒரு நத்தையை எம்பிராய்டரி செய்வதா?

நான் துணி முழுக்க அச்சின் பக்கம் போனேன். இனி வருவதை அந்தச் சாய்வோடுதான் படிக்க வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தாண்டிவிடலாம். எம்பிராய்டரி தொட்டால் தெரியும், பார்த்தால் விலை உயர்ந்ததாகத் தோன்றும்; 1933இல் வந்த லகோஸ்ட் நிறுவனச் சட்டையின் மார்பிலுள்ள முதலை இன்றும் அந்த மரியாதையில்தான் வாழ்கிறது. அச்சு கலகலப்பானது, ஆனால் எல்லா இடத்துக்கும் போட்டுப் போக முடியாது. துவைப்பதில் இரண்டுமே தாங்கும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் நூலிழையோடு பிணைந்துவிடும். பாலியெஸ்டர் நூலில் போட்ட எம்பிராய்டரி லேசில் வெளுக்காது.

என்னை முடிவெடுக்க வைத்தது உடம்பு. ஒரே பேட்டர்ன் (துணி வெட்டும் படிவம்) தட்டையான மார்பிலும் நிற்க வேண்டும், வளைவான மார்பிலும் நிற்க வேண்டும், ஸ்மாலிலும் டபுள் எக்ஸ்எல்லிலும் நிற்க வேண்டும். ஒற்றை மோட்டிஃப் இங்கேதான் தடுமாறுகிறது. அளவுக்கு அளவு மார்புச் சுற்று 4, 5 செ.மீ. கூடுகிறது என்று வைத்தால், ஸ்மாலிலிருந்து நான்கு படி ஏறும்போது முன்பக்கத்தின் ஒவ்வொரு பாதியும் 4, 5 செ.மீ. அகலமாகிவிடும். நத்தையைப் பட்டன் பட்டியிலிருந்து அளந்து வைத்தால் பெரிய சட்டையில் அது நடுவிலேயே ஒண்டிக்கொள்ளும். கைக்குழியிலிருந்து அளந்தால், தோள் இறங்கிய தளர்வான வெட்டில் அக்குளுக்குள் ஊர்ந்துவிடும். சரி, அளவுக்கேற்ப நத்தையையும் பெரிதாக்கலாமே என்றால், 10, 20 சதவீதத்தைத் தாண்டியதும் தையல் அடர்த்தி மாறி, எம்பிராய்டரி இயந்திரத்துக்கான கணினிக் கோப்பு முழுவதையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். இதற்கு மேல், எம்பிராய்டரிக்கு அடியில் கொடுக்கும் விறைப்புத் துணி, வளைவான மார்பில் படியாமல் அட்டை ஒட்டியதுபோல் தூக்கி நிற்கும். ஒருவருக்குப் பதக்கம், இன்னொருவருக்குப் புடைப்பு. அப்புறம் அதை எப்படி இருபாலர் சட்டை என்பது?

இறைத்த அச்சில் இந்தத் தலைவலி கிடையாது. சட்டை பெரிதானால் நத்தைகளின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். பட்டன் போடும்போது ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் மேலே வரும், பெண்கள் சட்டையில் வலப்பக்கம். எந்த வழக்கத்தைப் பிடித்தாலும் இந்த அச்சு கண்டுகொள்ளாது. நத்தைகள் நான்கு திசையிலும் தலை திருப்பியிருந்தால் பாகங்களைத் தலைகீழாகவும் போட்டு வெட்டலாம், துணி மிச்சம். எல்லாம் ஒரே திசை பார்த்தால் அது முடியாது. ஓர் எச்சரிக்கை: ரிப்பீட்டை (துணியில் திரும்பத் திரும்ப வரும் அச்சுக் கட்டத்தை) நிரப்பும் அவசரத்தில் நத்தையைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பாதீர்கள். பெரும்பாலான நத்தைகளின் சுருள் வலப்புறமானது. திருப்பினால் அபூர்வமான இடஞ்சுழி நத்தை வந்துவிடும். நான் வேண்டுமென்றே ஒன்றை மட்டும் அப்படி விட்டிருக்கிறேன். தேடட்டும்.

பாலின முத்திரை விழாத சட்டைக்குப் பரவிய வடிவம் கைகொடுப்பது புதிதல்ல. பின்லாந்தின் மரிமெக்கோ நிறுவனம் 1956இல் ஆண்களுக்கென்று கொண்டுவந்த யோகபொய்கா சட்டையைப் பெண்களும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதிலிருப்பது மேலிருந்து கீழ்வரை தூரிகைக் கோடுகள். மார்பைச் சுட்டிக் காட்டும் எதுவும் இல்லை.

ஆனால் நத்தை சிறியதாக இருக்கும்வரைதான் இந்த வாதம் செல்லும். என்னுடையது சுமார் 4 செ.மீ. அதையே உள்ளங்கையைவிடப் பெரிதாக வரைந்தால், எங்கே வெட்டினாலும் ஏதாவது ஒரு நத்தை சரியாக மார்பின் மேல் வந்து உட்காரும்; ஒற்றை மோட்டிஃபின் சிக்கல் முழுவதும் திரும்பிவிடும். சட்டைப்பையும் கவனம் கேட்கும்: பையின் அச்சு பின்னாலிருக்கும் அச்சோடு சேர வேண்டுமென்றால் துணி கூடுதலாகப் போகும். நான் பையையே எடுத்துவிட்டேன்.

எம்பிராய்டரிதான் வேண்டும் என்பவர்கள் மார்பை விட்டுவிட்டு காலர் முனை, கஃப், முதுகில் யோக்குக்கு (தோளை ஒட்டிய மேல் துண்டுக்கு) சற்றுக் கீழே என்று போகலாம். அங்கெல்லாம் உடம்புக்கு உடம்பு வித்தியாசம் குறைவு. நான் சொன்னது நெய்த துணிக்கு. டிஷர்ட் போன்ற பின்னல் துணியில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. அது இழுபடும் துணி என்பதால் அச்சிலும் நத்தை நீளலாம். ஒரு துண்டில் அடித்து, இழுத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.