ரெயூனியன் மலைச்சாலைக்கு எந்த ஹெல்மெட் இன்டர்காம்?

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தே பலரும் ஹெல்மெட் இன்டர்காம், அதாவது ஓட்டிக்கொண்டே பேசிக்கொள்ள ஹெல்மெட்டில் பொருத்தும் கருவி, வாங்குகிறார்கள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் எங்கள் ரெயூனியன் தீவில் மதிப்புக் குறைந்த எண் அதுதான். 1.2 கிலோமீட்டர், 1.6 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் என்பவையெல்லாம் நடுவில் மறைப்பே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு. கடற்கரை ஊரான சேன்-லூயியிலிருந்து சிலாவோஸ் என்ற மலையூருக்கு ஏறும் சாலையில் நானூறு வளைவுகளுக்கு மேல் இருக்கின்றன. முன்னால் போகிறவர் ஒரு வளைவில் மறைந்தாரென்றால் அவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மலையே வந்து நிற்கிறது. இந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பாறையைத் துளைத்துக்கொண்டு வராது. ஆகவே, தொடர்பு அறுந்தால் தானாகத் திரும்ப ஒட்டிக்கொள்கிறதா என்றுதான் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும்.

சேன்-அந்த்ரேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பும் எங்கள் சவாரிக் கூட்டத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, வீட்டில் கிரியோல் பேசி, கோயில் வகுப்பில் தமிழ் கற்ற தம்பிமார்களும் இருக்கிறார்கள். எதை வாங்கலாம் என்ற பேச்சு ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் எழுகிறது. அங்கே நான் சொல்லிவருவதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒதுக்க வேண்டியது, காதுக்குள் செருகும் இயர்போன். கையில் ஏற்கெனவே இருக்கிறது, தனிச்செலவு இல்லை என்பதால் பலர் அதை மாட்டிக்கொண்டு அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். ரெயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். பிரெஞ்சுச் சாலைச் சட்டம்தான் இங்கேயும் செல்லும். ஒலி எழுப்பக்கூடிய எந்தக் கருவியையும் வாகனம் ஓட்டுகிறவர் காதில் அணிந்திருக்கக் கூடாது என்பது 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. மீறினால் 135 யூரோ அபராதம், உரிமத்தில் 3 புள்ளிகள் கழிவு. செவித்திறன் குறைந்தவர்களின் கருவிக்கு விலக்கு உண்டு. இருசக்கர வாகனப் பயிற்சிக்கும் உரிமத் தேர்வுக்கும் உண்டு. பின்னால் வரும் ஆசிரியர் பேசுவது மாணவருக்குக் கேட்க வேண்டுமே. ஹெல்மெட்டின் உள்ளுறையில் பதித்த ஸ்பீக்கர் காதில் அணிவது ஆகாது, அதனால் அதற்குத் தடையில்லை.

இரண்டிலும் அதே பாட்டுதானே கேட்கிறது, இதில் என்ன வித்தியாசம் என்று வாதிடுகிறவர்கள் சிலாவோஸ் சாலையில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சுரங்கங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். எதிரே பேருந்து வருகிறதா என்பதை அங்கே ஹாரன்தான் சொல்கிறது. காதுத் துளையை அடைத்துக்கொண்டு பாட்டைப் போட்டவருக்கு அந்த ஹாரன் மங்கித்தான் கேட்கும். காதுக்கு வெளியே, சிறிது இடைவெளி விட்டு நிற்கும் ஸ்பீக்கரில் அளவான ஒலி வைத்தால் ஹாரனுக்கும் வழி இருக்கிறது. இந்த விதியைத் தொல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரே வண்டியில் இருவர் என்றால்

கணவனும் மனைவியும், அல்லது அண்ணனும் தங்கையும் ஒரே வண்டியில் போகிறார்கள் என்றால் எளிய புளூடூத் ஜோடியே போதும். இரண்டு ஹெல்மெட்டுகளுக்கும் இடையே அரை மீட்டர்கூட இல்லை. பல வண்டிகளை ஒரே வலையாக இணைக்கும் மெஷ் கருவிக்கு அங்கே காசு கொடுப்பது வீண். கார்டோ நிறுவனத்தின் ஃபிரீகாம் 2எக்ஸ், ஸ்பிரிட் போன்றவை இந்தத் தேவைக்கென்றே செய்யப்பட்டவை. ஃபோட்ஸ்போர்ட்ஸ், ஈஜியாஸ், லெக்சின் முதலிய சீனத் தயாரிப்புகள் இவற்றைவிட மலிவு. பேசுவதற்கு அவையும் போதும். மலிவான கருவிகளில் பொதுவாகக் குறைவது மைக்கின் தரமும் காற்றிரைச்சலை வடிகட்டும் திறனும்தான். கடற்கரை நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது அந்தக் குறை தெரிய வரும்.

பின்னால் இருப்பவர் பேச முடிவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை கரும்பு வெட்டு. புவா-ரூழ் ஆலைக்கும் லெ கோல் ஆலைக்கும் போகும் பெரிய கரும்பு வண்டிகள், இங்கே எல்லோரும் ‘கஷலோ’ என்று அழைக்கும் அந்தப் பூதங்கள், சாலையில் சக்கையையும் மண்ணையும் சிந்திக்கொண்டே போகும். “அண்ணா, இடப்பக்கச் சந்தில் கஷலோ நிற்கிறது” என்று பின்னிருக்கையிலிருந்து அமைதியாகச் சொல்ல முடிவதற்கும், தோளைத் தட்டிக் கத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை அனுபவித்தவர்கள் பழையபடி ஓட்ட விரும்புவதில்லை.

நான்கு வண்டிக்கு மேல் போனால்

புளூடூத்துக்கும் மெஷ்ஷுக்கும் உண்மையான போட்டி இங்கேதான். புளூடூத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடக்கும் வரிசைபோல, முதல் வண்டி இரண்டாவதோடும் இரண்டாவது மூன்றாவதோடும் இணைகின்றன. மூன்றாமவர் பெட்ரோல் போட ஒதுங்கினால் நான்காமவர் அறுந்து போகிறார். திரும்ப இணைய யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். சில கருவிகளில் வரிசை முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். கார்டோவின் ஃபிரீகாம் 4எக்ஸ் இந்த வகையில் நல்ல கருவி. நான்கு பேர் வரை சேரலாம், அறிவித்த தூரம் 1.2 கிலோமீட்டர். தென்கிழக்குக் கரையோரம் செந்த்-ரோஸ் பக்கம், எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கிராந் புரூலே வழியாக ஒரே சீராகப் போகும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. சலாசி என்ற மலையூருக்கு ஏறும்போது ஒவ்வொரு வளைவும் ஒரு சோதனை.

மெஷ் அமைப்பில் வரிசை என்பதே கிடையாது. கூட்டத்தில் இருக்கும் எல்லாக் கருவிகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கின்றன. எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியாகப் பேச்சைக் கடத்துகின்றன. நடுவில் ஒருவர் விலகினால் அடுத்தவர் வழியாகப் போகும். விலகியவர் திரும்ப எல்லைக்குள் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்வார். கையை ஹேண்டிலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. மலைச்சாலைக்கு மெஷ்ஷை நான் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு குணமே போதும்.

ஆனால் மெஷ் வாங்கியதும் மலையும் வழிவிட்டுவிடும் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. இதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான், பாறைக்கு முன் இதுவும் தோற்கும். அது சுற்றிக்கொண்டு போக நடுவில் ஒரு வண்டி வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: உங்கள் கண்ணாடியில் பின்னால் வருகிறவர் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். இந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்காத கூட்டத்துக்கு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷ்ஷும் கோம்பைக்குள் இறங்கியதும் ஊமையாகிவிடும்.

செல்பேசி இணையத்தின் வழியாகக் குழுவாகப் பேசும் வசதியும் இப்போது வந்துவிட்டது. சேனா நிறுவனத்தின் ‘வேவ்’ அப்படிப்பட்டது. நகரங்களுக்கு இடையே தூரம் ஒரு பொருட்டே இல்லை. சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் அது வேலையே செய்யாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பிப் போக வேண்டாம்.

கார்டோவா, சேனாவா

மெஷ் என்று முடிவு செய்தபின் இந்தக் கேள்வி வரும். இரண்டு நிறுவனங்களின் மெஷ்ஷும் ஒன்றோடொன்று பேசாது. கார்டோவின் பேக்டாக் எட்ஜில் 15 பேர் வரை சேரலாம், வண்டிக்கு வண்டி 1.6 கிலோமீட்டர். சேனாவின் 50எஸ்ஸில் தனிக்குழுவுக்கு 24 பேர், திறந்த குழுவுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, தூரம் 2 கிலோமீட்டர். இந்த எண்களை வைத்துச் சண்டையிடுவதில் பொருளில்லை. ஏழெட்டு வண்டி போகும் கூட்டத்தில் பதினைந்தும் இருபத்துநான்கும் ஒன்றுதான். உங்களோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் எதை வைத்திருக்கிறார்களோ அதை வாங்குங்கள். சேனா வைத்திருக்கும் கூட்டத்தில் தனியாகக் கார்டோவோடு நிற்கிறவர், மற்றவருடைய கருவியைச் செல்பேசி என்று ஏமாற்றி இணைத்துக்கொள்ளும் பொதுமுறையை நாட வேண்டியிருக்கும். அதில் குரலின் தரம் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். செல்பேசிக்கான இணைப்பிடமும் பறிபோகும்.

கார்டோவின் பக்கம் என்னைச் சாய்ப்பது மழை. எட்ஜுக்கு ஐபி67 தரம் இருக்கிறது: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. எரிமலைச் சாலையோரம் இருக்கும் கொமெர்சோன் பள்ளத்தில் 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது மூன்று நாளில் ஏறத்தாழ 3,930 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலகச் சாதனை அது. 1966 ஜனவரியில் இதே தீவின் ஃபொக்-ஃபொக்கில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்ததும் உலகச் சாதனைதான். கீழே கடற்கரையில் வெயில் கொளுத்தும்போதே மேலே பிளேன் தே காஃப்ரில் நனைந்துவிடும் ஊர் இது. ஆயினும் ஐபி67 என்பது அசையாத நீரில் மூழ்கடித்துச் செய்யும் சோதனை. வேகமாகப் போகும்போது முகத்தில் அறையும் சாரலை அது அளப்பதில்லை. சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்திப் பாருங்கள், எந்தக் கருவியானாலும் சரி.

ஹெல்மெட்டோடு பொருந்தி வரும் கருவிகளும் இருக்கின்றன. ஷூபெர்த் சி5 ஹெல்மெட்டுக்குள் பொருந்தும் எஸ்சி2, சேனா செய்து கொடுத்தது. வெளியே புடைப்பு இல்லை, காற்று இடறுவதும் இல்லை. ஆனால் ஒரு தடவை பலமாக அடிபட்டாலே ஹெல்மெட்டை மாற்ற வேண்டும். அப்போது இந்தக் கருவியை வேறு நிறுவனத்தின் ஹெல்மெட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வசதி உள்ளவர்களுக்கு நல்லது. மற்றவர்களுக்கு ஒட்டும் தாங்கியோ கவ்வும் தாங்கியோ உள்ள தனிக் கருவிதான் சரி. எதற்காகவும் ஹெல்மெட்டின் ஓட்டில் துளை போடாதீர்கள்.

காதில் விழுவது

விலை பற்றிய பேச்சில் எல்லோரும் மறப்பது ஸ்பீக்கர் இருக்கும் இடம். காதுத் துளைக்கு நேராக இல்லாமல் ஒரு சென்டிமீட்டர் விலகி இருந்தாலே பேச்சின் மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். உயிரொலி மட்டும் ஊளையாகக் கேட்கும். ‘கருவி சரியில்லை’ என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பலருக்கு, உள்ளுறையைக் கழற்றி ஸ்பீக்கரை நகர்த்தி, பின்னால் ஒரு மெத்தைத் துண்டு வைத்துக் காதருகே தள்ளியதும் குறை தீர்ந்தது. மைக்கின் பேசும் பக்கம் வாயைப் பார்த்திருக்க வேண்டும். முகம் திறந்த ஹெல்மெட்டுக்குத் தண்டு மைக்கும், முழுமுக ஹெல்மெட்டுக்குத் தாடைப்பகுதியில் ஒட்டும் கம்பி மைக்கும் பொருந்தும்.

இரைச்சல் இதைவிடப் பெரிய விஷயம். தமரேன் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வரை அனுமதி. அந்த வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் ஒலி 95 டெசிபலைத் தாண்டிவிடும். ஐரோப்பியத் தொழிற்கூடங்களில், எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலைத் தொட்டாலே காதுப் பாதுகாப்பு கட்டாயம். இந்த இரைச்சலை வெல்ல இன்டர்காமின் ஒலியைக் கூட்டுகிறவர் காற்றையும் ஸ்பீக்கரையும் சேர்த்துக் காதில் வாங்குகிறார். வேகத்துக்கு ஏற்ப ஒலியைத் தானாகக் கூட்டும் வசதியும் இதையேதான் செய்கிறது. ஒலி எழுப்பாத சாதாரண காதடைப்பானைச் செருகிக்கொண்டு, அதன்மேல் ஸ்பீக்கரை வையுங்கள். காற்றின் ஒலியும் ஸ்பீக்கரின் ஒலியும் சேர்ந்தே குறையும். ஆனால் திணறாத காதுக்குப் பேச்சு தெளிவாகப் பிரிந்து கேட்கும். சில யூரோவில் முடிகிற இந்த வேலை, எத்தனையோ நூறு யூரோ கருவியைவிட அதிகம் தருகிறது. மலையேறும்போது மட்டும் அடைப்பானைக் கழற்றிவிடுவது என் பழக்கம், ஹாரனுக்காக.

2016 நவம்பர் 20 முதல் கையுறையும் கட்டாயமாகிவிட்டதால், பொத்தானைத் தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று கையுறை அணிந்துகொண்டே கடையில் சோதியுங்கள். பெரிய உருளைச் சக்கரம் உள்ளவை வசதி. குரல் கட்டளை பிரெஞ்சில் உண்டு, தமிழில் இல்லை.

வாங்குமிடத்தைப் பொறுத்தவரை, தீவுக்குள் வரும் பொருளுக்கு ஒக்த்ருவா த மேர் வரி சேர்வதால் பிரான்சில் பார்த்த விலை இங்கே இராது. இருந்தாலும் பிரெஞ்சுக் கடையில் வாங்கினால் இரண்டாண்டுச் சட்ட உத்தரவாதம் உண்டு. லித்தியம் பேட்டரி உள்ள பொருளை வெளிநாட்டு விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பும் சிக்கலை நினைத்தால், அந்த வரியைக் கட்டிவிடுவது மேல்.

கூட்டத்தில் ஓரிருவர் இன்னும் பழைய புளூடூத்தோடு வருகிறார்கள் என்றால் அவர்களைப் புதிது வாங்கச் சொல்லி நெருக்காதீர்கள். மெஷ் கருவிகள் பலவற்றில் ஒரு புளூடூத்காரரைப் பாலம் போட்டுக் குழுவுக்குள் சேர்க்க முடியும். பாலம் போடுகிறவரும் அவரும் அடுத்தடுத்த வண்டியில் போனால் போதும். சலாசியின் வளைவுகளிலும் அவர் குரல் எல்லோருக்கும் வந்து சேரும்.