‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’: தொப்பிகளோடு பேசும் சோஃபி எங்கே?

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ (2004) படத்தை நெட்ஃபிளிக்ஸில் மறுபடியும் பார்த்தேன். டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய நாவலை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் படித்தவள் நான். இந்தப் படத்தின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் உண்டு. ஆனால் ஒரு பெரிய மனக்குறையும் உண்டு.

கதையின் தொடக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தொப்பிக் கடையில் வேலை செய்யும் சோஃபியைச் சூனியக்காரி ஒருத்தி நொடியில் கிழவியாக்கிவிடுகிறாள். வீட்டை விட்டுக் கிளம்பிய சோஃபி, ஹவுல் என்கிற மந்திரவாதியின் நகரும் கோட்டைக்குள் புகுந்து, வீடு சுத்தம் செய்கிறவளாக அங்கேயே ஒட்டிக்கொள்கிறாள். அடுப்பில் எரிவது கால்சிஃபர் என்னும் நெருப்புப் பிசாசு. தனக்கும் ஹவுலுக்கும் உள்ள ஒப்பந்தத்தை முறித்தால் சோஃபியின் சாபத்தை நீக்குவதாக அது பேரம் பேசுகிறது.

சரி, சூனியக்காரி ஏன் கடைக்கு வந்தாள்? படத்தில், தெருவில் ஹவுல் சோஃபிக்குத் துணையாக வந்ததுதான் காரணம். நாவலில் காரணம் சோஃபியேதான். தனியாக உட்கார்ந்து தைக்கும்போது அவள் தொப்பிகளோடு பேசுவாள். உன் மனசு தங்கம், பெரிய இடத்து ஆள் ஒருத்தன் உன்னிடம் மயங்கப்போகிறான் என்பாள். அந்தத் தொப்பியை வாங்கிப் போனவளோடு ஒரு பிரபு ஓடிப்போகிறான். சோஃபி சொல்வதெல்லாம் உயிர் பெறுகிறது, அது அவளுக்கே தெரியாது. சூனியக்காரிக்குத் தெரிகிறது. போட்டிக்கு ஒருத்தி கிளம்பிவிட்டாள் என்றுதான் அவள் வருகிறாள்.

நாவலின் உயிரே இதுதான். அந்த ஊரில் மூன்று பிள்ளைகளில் மூத்தவளாகப் பிறந்தால் ஒன்றும் உருப்படாது என்பது எல்லோரும் நம்பும் விஷயம். சோஃபியும் நம்புகிறாள். நானும் மூன்று பெண்களில் மூத்தவள். ‘நீதான் விட்டுக்கொடுக்கணும்’ என்று கேட்டே வளர்ந்தவள். தனக்கு எதுவும் வராது என்று நினைக்கிற ஒரு மூத்த பெண், முதல் அத்தியாயத்திலிருந்தே மந்திரம் செய்துகொண்டிருக்கிறாள் என்பது தெரியவரும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து அழுதிருக்கிறேன்.

படம் இந்தச் சக்தியை அவளிடமிருந்து எடுத்துவிட்டது. அதன் விளைவு கடைசியில் தெரிகிறது. ஒப்பந்தத்தை வேறு யார் முறித்தாலும் கால்சிஃபர் அணைந்துவிடும். பேச்சால் உயிர் கொடுக்கத் தெரிந்தவள் என்பதால்தான் நாவலில் அது சோஃபியைத் தேர்ந்தெடுக்கிறது. படத்தில் ‘நீ செய்தால் சரியாக இருக்கும்’ என்று மட்டும் சொல்கிறது. ஏன் என்று நாவல் படிக்காதவர்களுக்குப் புரிய வழியே இல்லை. முடிவு அவசரமாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்த ஓட்டைதான் என்பேன்.

பலர் குறை சொல்வது போரைப் பற்றி. நாவலில் போர் ஓரத்தில் வரும் பேச்சுதான். படத்தில் ஊர்கள் எரிகின்றன. இராக் போர் மேல் மியாசாகிக்கு இருந்த கோபம் அதில் இருக்கிறது. எனக்கு அது உறுத்தவில்லை. ஆனால் அதற்கு இடம் விட்டு வெளியேறியது பிரிட்டனின் வேல்ஸ் பகுதி. கைப்பிடியை எந்த நிறத்துக்குத் திருப்புகிறோமோ அதற்கேற்ப வெவ்வேறு இடங்களுக்குத் திறப்பது அந்தக் கோட்டைக் கதவு. அதைக் கறுப்பு நிறத்துக்குத் திருப்பினால், நாவலில் நம் உலகத்து வேல்ஸ் வரும். அங்கே ஹவுலின் உண்மைப் பெயர் ஹவெல் ஜென்கின்ஸ். அவனைத் திட்டும் அக்கா இருக்கிறாள், கம்ப்யூட்டர் கேம் ஆடும் அக்கா மகன் இருக்கிறான். படத்தில் அதே கறுப்புக் கதவு போரின் இருட்டுக்குள் திறக்கிறது. இதனால் படத்து ஹவுல் துயரம் நிறைந்த அழகனாக மட்டும் நின்றுவிடுகிறான். அக்காவிடம் வசவு வாங்குகிற ஹவுலைத்தான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், படம் நாவலை மிஞ்சும் இடம் ஒன்று. சாபத்தை எடுக்கத் தான் முயன்றதாகவும், சோஃபிக்கு அந்தக் கிழவி வேஷம் பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிட்டதாகவும் நாவலில் ஹவுல் ஓரிடத்தில் சொல்வான். மியாசாகி அதைச் சொல்லவில்லை, வரைந்து காட்டுகிறார். தூங்கும்போது சோஃபி இளமையாகிறாள். அரண்மனையில் ஹவுலுக்காகப் பரிந்து பேசும்போது சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. தன்னை அழகில்லாதவள் என்று நினைக்கிற கணத்தில் முதுகு மறுபடி கூனுகிறது. சூனியக்காரியும் சோஃபியும் அரண்மனைப் படிகளில் மூச்சிரைக்க ஏறும் காட்சியும் அவருடையதே. முதுமையின் உடல்வலியை இவ்வளவு மரியாதையோடு காட்டிய கார்ட்டூன் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஜோ ஹிசைஷியின் இசைக்காகவே நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். ஆங்கில டப்பிங்கில் இளம் சோஃபிக்கு எமிலி மார்ட்டிமர், முதிய சோஃபிக்கு ஜீன் சிம்மன்ஸ் என்று இரண்டு பேர் குரல் கொடுக்கிறார்கள். ஜப்பானிய மூலத்தில் சியேகோ பைஷோ ஒருவரே இரண்டு வயதையும் பேசுகிறார். ஒரே வாக்கியத்துக்குள் வயது ஏறி இறங்குவதை அதில்தான் கேட்க முடியும்.