‘யூகே ஒரிஜினல்’ என்று என்னிடம் விற்ற கிறிஸ்துமஸ் சிங்கிள்: வினைல் வாங்குபவர்கள் கவனத்துக்கு

டிசம்பர் நெருங்கினாலே இன்ஸ்டாகிராமில் பழைய ரெக்கார்டு விற்பவர்களின் பக்கங்களில் கிறிஸ்துமஸ் சரக்கு இறங்கிவிடும். சென்னையில் இருந்துகொண்டு அங்கே வினைல் தட்டு வாங்குபவர்கள், குறிப்பாக வெளிநாட்டு இண்டி குழுக்களின் (பெரிய நிறுவனங்களைச் சாராதவை) 7 அங்குல சிங்கிள்களை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சின்னத் தட்டுகளைத் தேடுபவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 6,500 ரூபாய் போயிருக்கிறது.

நான் வாங்கியது ஓர் இங்கிலாந்து இண்டி பாப் குழுவின் சிங்கிள். ஊரறிந்த கேரல் எதையும் எடுத்துப் பாடாமல், தாங்களே எழுதி மெட்டமைத்த கிறிஸ்துமஸ் பாட்டு. 90களின் தொடக்கத்தில் ரசிகர் மன்றத்தாருக்கு மட்டும் தபாலில் அனுப்பினார்கள், கடைக்கே வரவில்லை. இப்படி அனுப்புவது அங்கே பழைய வழக்கம். பீட்டில்ஸ் 1963 முதல் 1969 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மன்றத்தாருக்கென்று தனித் தட்டு அனுப்பினார்கள். அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு 1988இல் தொடங்கி 2011 வரை அனுப்பியது. இருக்கும் பிரதிகள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம் என்பதால் போலி அடிப்பவர்களுக்கும் இதன் மேல்தான் கண். பீட்டில்ஸின் அந்தத் தட்டுகளைத் தொகுத்து 1970இல் மன்றத்தாருக்கு அனுப்பிய எல்.பி.க்கு (பெரிய தட்டு) எத்தனையோ போலிகள் சுற்றுகின்றன.

என் தம்பிக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். கல்லூரியில் நண்பன் பதிந்து கொடுத்த கேசட் தேய்ந்து போகிற வரை கேட்டவன். அவனுக்குக் கொடுக்கத்தான் வாங்கினேன்.

விற்றவர் சென்னைக்காரர். “யூகே ஒரிஜினல் மேடம், லண்டன்ல ஒரு கலெக்டர்கிட்டேர்ந்து எடுத்தது. சீல்கூட பிரிக்கல” என்றார். மேலுறையின் முன்பக்கமும் பின்பக்கமும் படமாக வந்தன. தட்டின் படத்தைக் கேட்டதற்கு, சீலைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று பதில். பணத்தை ஜிபே செய்தேன், கூரியரில் பார்சல் வந்தது.

பெரம்பூரில் எங்கள் வீட்டிலேயே தம்பி போட்டுக் கேட்டான். முதல் நிமிடத்திலேயே அவன் முகம் மாறிவிட்டது. அந்தப் பாட்டின் பின்னால் முழுக்க ஒரு மணிச்சத்தம் ஓடும், ஒவ்வொரு குலுக்கலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதிலோ மணியைத் தண்ணீருக்குள் வைத்து ஆட்டுவது போல எல்லாம் கரைந்து கேட்டது. பழைய தட்டில் வரும் ‘டப் டப்’ இரைச்சல் வேறு, இது வேறு. ரொம்பச் சுருக்கிய (குறைந்த பிட்ரேட்) எம்பி3யில் சிம்பலும் மணியும் இப்படித்தான் கெடும். 90களின் தொடக்கத்தில் ஸ்டுடியோ டேப்பிலிருந்து செய்த தட்டில் அது வர வழியே இல்லை. இணையத்தில் யாரோ ஏற்றியதை இறக்கித் தட்டில் பதிந்திருக்கிறார்கள்.

மந்தைவெளியில் ரெக்கார்டு பிளேயர் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். பாட்டு முடியும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் ஒட்டிய லேபிளுக்கும் இடையே வழவழவென்று ஒரு வளையம் இருக்குமே, அதைச் சுற்றிக் காட்டினார். ஒன்றுமே இல்லை. ஆலையில் அடித்த தட்டில் அந்த இடத்தில் மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்தத் தட்டின் அடையாள எண், கீறியோ பொறித்தோ இருக்கும். அப்புறம் லேபிளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். ஸ்டிக்கர் மாதிரி கிளம்பி வந்தது. விரலை ஈரமாக்கி எழுத்தின் மேல் தடவினார், நீலமாக இழுபட்டது. “இது பிரஸ்ஸிங்கே இல்லம்மா, லேத் கட்” என்றார்.

அவர் சொன்ன விவரம் எல்லாருக்கும் உதவும். ஆலையில் முதலில் ஒரு மாஸ்டர் (மூலத் தட்டு) வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, சூடான பி.வி.சி.யை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். காகித லேபிளும் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் சேர்ந்தே பிடித்துக்கொள்ளும், பசையே கிடையாது. லேத் கட்டில், பெரும்பாலும் பாலிகார்பனேட் தட்டில், பாட்டு ஓட ஓட ஊசி ஒவ்வொரு தட்டாக வெட்டிக்கொண்டு போகும். மூன்று நிமிடப் பாட்டுக்கு மூன்று நிமிடம். லேபிளைப் பிறகு ஒட்டுவார்கள். லேத் கட்டைக் குறை சொல்லவில்லை. ஆலைக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாத சின்னக் குழுக்கள் இருபது, முப்பது பிரதி இப்படி வெட்டி, லேத் கட் என்று சொல்லியே விற்கிறார்கள், அது நேர்மையான வேலை. அடுத்தவர் பாட்டைத் திருடி வெட்டி, யூகே ஒரிஜினல் என்று விற்பது மோசடி.

அந்த சீலும் பொய்தான். இங்கிலாந்தில் 7 அங்குல சிங்கிளை ஷ்ரிங்க் ராப் (ஒட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) போட்டு விற்பது வழக்கமே இல்லை, அதிலும் மன்றத்துக்குத் தபாலில் போன தட்டுக்கு எதற்கு? தட்டை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இங்கே போட்டிருக்கிறார்கள்.

விற்றவரிடம் படங்களை அனுப்பிக் கேட்டேன். “பழைய ரெக்கார்டுன்னா சத்தம் அப்படித்தான் மேடம் இருக்கும்” என்றார். மேட்ரிக்ஸ் எண் எங்கே என்று கேட்டதற்கு, “நீங்க சீல் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது” என்றார். அதற்குப் பிறகு பிளாக். சீலைப் பிரிக்காமல் உள்ளே இருப்பது போலி என்று யார் கண்டுபிடிக்க முடியும்? தம்பிக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கியதை இப்படிச் செய்தார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

சட்டம் அவர் பக்கம் இல்லை. 2020இன் மின்வணிக விதிகள்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க முடியாது என்று விற்பவர் மறுக்கக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. உரையாடல், பணம் போன ரசீது, கூரியர் கவர் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பிளாக் ஆவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: லேபிளைச் சுற்றியுள்ள அந்த வழவழப்பான வளையத்தின் படம், இரண்டு பக்கமும், வெளிச்சத்தில் சாய்த்து எடுத்தது. அதில் உள்ள எண்ணை, தட்டுகளின் விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தத் தட்டுக்குப் பதிவாகியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நேர்மையாக விற்பவருக்கு ஒரு நிமிட வேலை. மறுத்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

மூர் மார்க்கெட் கடைகளில் தமிழ்த் தட்டு வாங்குபவர்களும் இதைச் செய்யலாம். எக்கோ நிறுவனத்தின் இளையராஜா எல்.பி.க்களுக்கு இப்போது நல்ல விலை போகிறது. கலர் ஜெராக்ஸ் அட்டைக்குள் வேறு ஏதோ தட்டைச் செருகி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அட்டையை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், தட்டை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படி ஒரு மன்றத்து கிறிஸ்துமஸ் சிங்கிளை இந்த டிசம்பரில் யாராவது உங்களுக்கு ‘சீல்டு’ என்று காட்டினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் உள்ள தட்டின் படங்களை அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.