டாகரோடைப்பா, கார்ட் த விசிட்டா: அக்கால உடையைப் பார்க்க எது நல்லது?

1840களின் டாகரோடைப் படங்களில், அதாவது உலோகத் தகட்டில் எடுத்த ஆரம்பகாலப் புகைப்படங்களில், பெண்கள் பெரும்பாலும் இடுப்புக்கு மேல்தான் தெரிவார்கள். ஆனால் என்ன துல்லியம்! வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் லேஸ் காலரின் பின்னலைக்கூட எண்ணிவிடலாம். இறுக்கமான சட்டைக்கை, கூராக இறங்கும் இடுப்பு, காதை மூடி வாரிய முடி. சில படங்களில் மோதிரத்துக்குக் கையாலேயே பொன்வண்ணம் தீட்டியிருப்பார்கள். பிம்பம் பொதுவாக இடவலம் மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

1854இல் பாரிஸில் புகைப்படக்காரர் டிஸ்டெரி காப்புரிமை பெற்ற கார்ட் த விசிட், உள்ளங்கைக்குள் அடங்கும் காகிதப் படம். நுணுக்கம் குறைவு. சரி, ஆனால் தலை முதல் பாதம் வரை கிடைக்கிறதே! 1860களில் கிரினோலின் கூண்டு (பாவாடைக்குள் அணியும் வளையச் சட்டம்) விரித்துப் பிடித்த பாவாடையை அதில்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

துணியை ரசிக்க எனக்கு டாகரோடைப்தான். நிறத்தை மட்டும் இரண்டிலும் நம்பாதீர்கள்: நீலம் வெளுத்தும் சிவப்பு கறுத்தும் விழும்.